ஊரே பயந்த மாமியார் பாவாயி அக்கா

சென்ற செவ்வாய்க்கிழமை காலை இராசிபுரத்திலிருந்து மல்லிகா தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அத்தை போயிட்டாங்க. காப்பியில சர்க்கரை பத்தலைன்னு என்னைத் திட்டிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்க." அழுகையினூடே அவள் சிரித்ததும் எனக்குக் கேட்டது. நடிகை பாவாயி அக்காவின் மருமகள் அவள். அக்கா போன செய்தியை அழுதுகொண்டே மட்டும் யாராலும் சொல்லிவிட முடியாது.

எழுபதுகளின் நடுவில் சேலத்தில் நாங்கள் சிலர் நாடகக் குழு நடத்தினோம். பகலில் எனக்கு ஜவுளிக்கடையில் வேலை. ஒரு நாடகத்தில் ஜமீன் வீட்டு அம்மாள் வேடத்துக்குப் பட்டுச்சேலை தேவைப்பட்டது. இராசிபுரத்தில் தறி வைத்திருந்த அய்யாவு இரவல் தந்தார். சேலைக்குக் காவலாகத் தன் மனைவியையும் அனுப்பினார். அந்த மனைவிதான் பாவாயி அக்கா. ஒத்திகை நடந்த நாளெல்லாம் ஓரமாக உட்கார்ந்து சேலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தார்.

நாடகத்தன்று அந்த வேடம் போட வேண்டியவருக்குக் கடும் காய்ச்சல். நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது அக்கா எழுந்தார். "ஏனுங்க, கட்டப்போறது எங்கூட்டுச் சேலைதானுங்க? நானே கட்டிக்கிட்டு அந்தம்மா பேசறதப் பேசிப்போட்டு வாரேன். கறையாவது ஆகாம இருக்கும்."

கேட்டுக் கேட்டே வசனம் அவருக்குப் பாடமாகியிருந்தது. மேடையில் அவர் போட்ட முதல் அதட்டலில், முன்வரிசையில் கடலை கொறித்தவர்களின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. விஷயம் தெரிந்ததும் அய்யாவு கேட்டது ஒன்றே ஒன்று: "சேலைக்கு ஒண்ணும் ஆகலியே?" அடுத்த நாடகத்துக்கு அவரே வேறொரு சேலை எடுத்துக் கொடுத்தார்.

சில ஆண்டுகளில் சென்னையிலிருந்து தொலைக்காட்சி நாடகங்களுக்கு அழைப்பு வந்தது. அக்காவுக்குக் கணவனாக நடிக்க நானும் ரயிலேறினேன். வெளியே 'அக்கா', கேமராவுக்கு முன்னால் 'அடியே'. முதல் நாளே தயாரிப்பாளர், "அம்மா, 'ஊடு' இல்லை, 'வீடு'" என்று திருத்தினார். "சரிங்க, இனிமே எங்கூட்டுக்குப் போனாலும் வீடுன்னே சொல்றனுங்க" என்றார் அக்கா. தயாரிப்பாளர் சிரித்துவிட்டு, அப்படியே பேசச் சொல்லிவிட்டார்.

எண்பதுகளின் பிற்பாதியில் ஒளிபரப்பு எங்கள் பக்கத்துக்கும் எட்டியது. அப்போது வாராவாரம் வந்த ஒரு தொடரில் அக்கா கொடுமைக்கார மாமியார். நான் வாயில்லாத மாமனார். ஒரு சமையலறைக் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. மருமகளாக நடித்த பெண் பின்வாங்கியபோது அவளுடைய முந்தானை எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் போய்விட்டது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. அக்கா திட்டுவதை நிறுத்தாமலே முந்தானையை வெடுக்கென்று இழுத்து அவள் இடுப்பில் செருகினார். அதுவும் நடிப்பென்று நினைத்துத் தயாரிப்பாளர் அப்படியே விட்டுவிட்டார். நான் பிறகு கேட்டதற்கு, "பொல்லாதவளா நடிக்கோணுமுன்னா எதிர்ல நிக்கிற புள்ளைய நல்லாப் பாத்துக்கோணும் தம்பி" என்றார்.

அந்தத் தொடர்தான் அவர் வீட்டுக் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தது. மகனுக்கு ஆத்தூரில் பெண் பேசியிருந்தார்கள். அரிசி மில் வைத்திருந்த குடும்பம். நிச்சயத்துக்கு நாள் பார்த்த பிறகு, வேண்டாமென்று ஆள் அனுப்பிவிட்டார்கள். மகனோ வேறு பெண்ணைப் பார்க்க மாட்டேனென்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டான். அக்கா என்னைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு ஆத்தூருக்கே பஸ் ஏறினார்.

பெண்ணின் தாயார் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. "மருமகளைச் சோறு போடாம பூட்டி வச்சதை ஊரே பார்த்துச்சே! அந்த வூட்டுக்கா என் பொண்ணை அனுப்புவேன்?"

"அது நடிப்புங்க, சாமி" என்றார் அக்கா.

"இப்ப நீங்க தன்மையா பேசறது நடிப்பில்லைன்னு நான் எப்படிம்மா நம்பறது?"

அக்கா சாட்சிக்கு வந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். உள்ளேயிருந்து அந்தப் பெண் வெளியே வந்தாள். அவள்தான் மல்லிகா.

"அம்மா, இவங்க திட்டிக்கிட்டே அந்தப் பொண்ணு முந்தானையை அடுப்புக்கிட்டேருந்து எடுத்துச் செருகினாங்க. நீ பார்க்கலையா? நான் பார்த்தேன். எனக்கு அந்த வூடு போதும்."

அக்கா அவள் கன்னத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டார். "இத்தன சனம் பாத்துது. நீ ஒருத்திதாங் கண்ணு என்னையப் பாத்தே" என்றார். தையில் கல்யாணம் நடந்தது. அதன்பின் கடைசிக் காப்பி வரைக்கும் அக்கா மல்லிகாவைத் திட்டாத நாளில்லை; அவள் சிரிக்காத நாளுமில்லை.

ஒருமுறை எனக்கு வசனமே இல்லையென்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சொன்னார்: "தாம் பேசறப்ப ஆரும் நடிச்சுருவாங்க தம்பி. அடுத்தவங்க பேசறப்ப நடிக்கறதுதான் நடிப்பு. நீங்க கேட்டாத்தான் எங் கத்தலு கத்தலு." எவர் பேசினாலும் முகமே காதாகக் கேட்கும் பழக்கம் எனக்கு அன்று ஒட்டிக்கொண்டது. வீட்டில் என் மனைவிக்கே அதில் திருப்தி.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது முகம் தெரியாத ஒரு மூதாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இருந்தாலும் உங்க சம்சாரத்த நீங்க அத்தன ஆட விட்டிருக்கக் கூடாதுங்க. அந்த மருமவப் புள்ள என்ன பாடுபட்டுது!" என்று ஆரம்பித்து, தொடர் முழுவதையும் சொல்லி என்னைக் கண்டித்தார். பந்தலில் இருந்தவர்கள் அவரைத் தடுக்க வந்தார்கள். நான் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை நல்ல கணவனாகத் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.