கிழக்குச் சரிவு

ஊரே வேண்டாமென்று எறிந்ததைப் பத்தொன்பது வருடமாக ஒரே இடத்தில் குவித்துக்கொண்டிருந்தவரை எல்லோரும் மலைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். குப்பைக்கிடங்கில் புல்டோசர் ஓட்டுபவர். லாரிகள் கொட்டிவிட்டுப் போவதைத் தள்ளிப் பரப்பி, மேலேறி மிதித்து இறுக்குவது அவர் வேலை. அவர் சேர்ந்தபோது அது வெறும் பள்ளம். இப்போது உச்சியில் வண்டியை நிறுத்தினால் ஊர் மொத்தமும் காலடியில் கிடந்தது.

விடிந்ததும் அந்த மலை மூச்சு விடும். உள்ளே அழுகுவதன் சூட்டில் வெடிப்புகளிலிருந்து ஆவி எழும்பி வெள்ளையாகத் தவழும். கொக்குகள் அதற்குள் காலைப் புதைத்துக்கொண்டு நிற்கும். காற்றடித்தால் பிளாஸ்டிக் பைகள் ஒவ்வொன்றாக எழுந்து, ஒரு அவசரமும் இல்லாமல் தெற்கே மிதந்து போகும். என்ஜினின் மாறாத இரைச்சலில், தான் ஓட்டுவது தரையிலா மேகத்திலா என்றுகூட மலைக்காரருக்குத் தோன்றும். நாற்றம் எப்போதோ மூக்குக்குப் பழகிவிட்டது.

அவருடைய அக்கா கிழக்கு அடிவாரத்தில் குடியிருந்தாள். புருஷன் போன பிறகு தையல் மிஷினை வைத்துத் தனியாகக் காலம் தள்ளியவள். சாயங்காலம் வேலை முடிந்ததும் அவர் அக்கா வீட்டுக் கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்குப் போவார்.

"இப்படியே போனா உன் பொண்டாட்டி வாசல்லயே நிக்க வெச்சிடுவா" என்று சிரித்தபடி அக்கா சோப்பை நீட்டுவாள்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் அவள் அலசிப்போட்ட வெள்ளைத் துணிகள் பழுப்பாகக் காய்ந்தன. வாளித் தண்ணீரின் மேல் மெல்லிய வானவில் மிதந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

"கிணத்தைத் தூர் வாரினா சரியாயிடும்கா" என்றார் மலைக்காரர். சொல்லும்போதே உள்ளுக்குள் ஏதோ உறுத்தியது. உறுத்தியதை அப்படியே விட்டுவிட்டார்.

அடுத்த வாரம் மத்தியானம் அக்கா கிடங்குக்கே வந்துவிட்டாள். அத்தனை வருடத்தில் அவள் அங்கே கால் வைத்ததில்லை. சாப்பிட உட்கார்ந்திருந்த தம்பியின் முன்னால் ஒரு பாட்டிலை வைத்தாள். உள்ளே தேநீர் நிறத்தில் தண்ணீர்.

"என்னக்கா இது?"

"எங்க கிணத்துத் தண்ணி. குடி."

"வெயில்ல வந்திருக்க, முதல்ல உட்காரு."

"உட்கார வரல. இந்த மலையைக் கட்டினது நீதானே? அது என் வீட்டுக்குள்ள இறங்கிட்டு இருக்குடா."

அவர் பாட்டிலைத் திறந்தார். பக்கத்திலிருந்த லாரி டிரைவர் "வேணாம்ணே!" என்று எழுவதற்குள் ஒரு வாய் குடித்துவிட்டார். துருப்பிடித்த ஆணியைச் சப்பியதுபோல் இருந்தது. அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. பாட்டிலைத் தட்டிவிட்டு, "கிறுக்கா, துப்புடா!" என்று அவர் முதுகில் அறைந்தாள். பிறகு அழுதாள். அழுதுகொண்டே சரிவில் இறங்கிக் கானலுக்குள் கலங்கி மறைந்தாள்.

மலைக்காரர் சாப்பாட்டை மூடி வைத்தார். லாரிகள் கிழக்குச் சரிவில் கொட்டப் போகும் பாதையின் குறுக்கே புல்டோசரை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். லாரிகள் வரிசை கட்டின. கிடங்குக்குப் பொறுப்பான என்ஜினீயர் ஜீப்பில் பறந்து வந்தார்.

"உங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?"

"வேணும் சார். வாங்க, ஒண்ணு காட்டுறேன்."

மழைக்குப் பின் எங்கே வண்டி வழுக்கும், எங்கே தரை மெத்தைபோல் அமுங்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அந்தத் தடத்தைப் பிடித்தே கீழே கூட்டிப்போனார். அடிவாரத்துக் கோரைப்புல் நடுவே கறுப்பு நீர் ஓசையில்லாமல் ஊறி, வெயிலில் மின்னியபடி வீடுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. என்ஜினீயர் மூக்கிலிருந்த கைக்குட்டையை மெதுவாக எடுத்தார்.

"எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியல சார். மேலயே இருந்துட்டேன், கீழ வந்து பார்க்கவே இல்ல."

லாரிகளை மறித்ததற்காக அவரை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அந்த மாதம் முழுக்க அவர் அக்கா தெருவுக்குக் குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்தார். அக்கா பேசாமல் குடத்தை வாங்கிக்கொள்வாள். பத்தாவது நாள், "சாப்பிட்டியா?" என்றாள். அதோடு கோபம் தீர்ந்தது.

என்ஜினீயர் கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மேலிடத்தோடு மல்லுக்கட்டினார். கிழக்கே கொட்டுவது நின்றது. அடிவாரத்தில் வாய்க்கால் வெட்டி, கனமான பிளாஸ்டிக் தாள் விரித்து, கறுப்பு நீரைத் தொட்டிக்குத் திருப்பினார்கள். வாய்க்காலை வெட்டியதும் சரிவை மண்போட்டு மூடியதும் வேலைக்குத் திரும்பிய மலைக்காரர்தான். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. கிணற்றுக்கு மட்டும் கம்பிவலை போட்டுவிட்டார்கள். அது தெளிய எத்தனை வருடம் ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது மழைக்கு அந்தச் சரிவில் புல் முளைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறி வந்து, தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். புல் காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபடி நிமிர்ந்தது.

"இதுக்கு அடியில எல்லாம் அப்படியேதான் இருக்கா?"

"இருக்குக்கா. எங்க போகும்?"

அவள் உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. வெகுநேரம் கையை எடுக்கவில்லை. கீழே அவள் வீட்டு ஓடு சின்னதாக, வேறு யாருடையதோ போலத் தெரிந்தது.

"சரி, பக்கத்து வீட்டுக்காரி ரவிக்கைக்கு இன்னும் கை வைக்கல" என்று எழுந்தாள். தம்பி கை கொடுத்து அவளை மெதுவாக இறக்கிவிட்டார்.