நூல் படேக்கை சொல்லுங்கோ

என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு நைலோன் நூல் இருக்கும். தூண்டில் நூல் அளவு தடிப்பு, பிளாஸ்டிக் பிடி ஒன்றில் பொருத்தியது. சலரோகம், அதாவது சீனி வருத்தம், உள்ளவர்களின் பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு அதுதான் கருவி. கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் நூலை மெல்ல அழுத்துவேன். "படேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ" என்பேன். பட்டாலும் "ஓம்" வரும், படாவிட்டாலும் "ஓம்" வரும். அதனால் இடையிடையே நூலைக் காற்றில் பிடித்தபடி சும்மா இருப்பேன். அப்போதும் யாராவது "ஓம்" சொன்னால், "நான் இன்னும் தொடேல்லை" என்பேன், உரத்த குரலில். திரைக்கு வெளியே வரிசையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும்.

கால், கணுக்கால் சத்திரசிகிச்சை படிக்கப் போகிறேன் என்றபோது, மூளையும் இதயமும் கிடக்க ஏன் கால் என்று வீட்டில் கேட்டார்கள். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் வெடியில் சிதைந்த கால்கள் வந்தன. இன்று வருபவை சீனி தின்ற கால்கள். வலி தெரியாததால் நாற்றம் வந்த பிறகுதான் கொண்டுவருவார்கள். வெட்டுவதைக் கடைசிக்கு வைக்க வேண்டும், அதற்கு முன் செருப்புப் போட வைக்க வேண்டும், தினமும் காலைப் பார்க்க வைக்க வேண்டும். இதுதான் என் வைத்தியம். ஏசாமல் எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள் என்பது என் கட்சி. ஆகவே நன்றாக ஏசுவேன்.

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்யும் ஒருவருக்குத்தான் அதிகம் ஏசியிருப்பேன். என்னைவிட மூத்தவர். எங்கள் குடும்பம் கும்பிடும் கோயிலில்தான் அவரும் கும்பிடுகிறார். தேருக்குப் பின்னால் வெறுங்காலோடு போய் உள்ளங்கால் வெந்து, கடைசியில் அவருடைய பெருவிரலை நான் எடுக்க வேண்டி வந்தது. புண் ஆறியபின் வந்த நாளில் எல்லோருக்கும் கேட்கக் கேட்டேன்.

"சுவாமி வந்து உங்கடை காலைக் கேட்டவரோ? சப்பாத்தோடை வெளியிலை நிண்டு கும்பிட்டால் அவருக்குத் தெரியாதோ?"

"சனம் என்ன சொல்லும், டொக்டர்?"

"சனமோ உங்கடை காலுக்கு மருந்து கட்டுறது?"

வரிசை சிரித்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கும் சலரோகம் உண்டு. மனைவிக்கு மட்டும் தெரியும். கால் டொக்டருக்கே சீனி வருத்தமாம் என்று ஊர் கதைக்கும் என்ற கூச்சத்தில், மற்றவர்கள் முன்னால் குளிசையை விற்றமின் என்று சொல்லி விழுங்குவேன். என் காலை மட்டும் நான் சோதித்ததே இல்லை. சோதித்தால் தெரிந்துவிடும் அல்லவா?

இந்த முறை தேர்த்திருவிழா எங்கள் உபயம். உபயகாரன் வேட்டி சால்வையோடு முன்னுக்கு நின்று வடம் பிடிக்காவிட்டால் எப்படி? புறப்படும்போது மனைவி என் வெறுங்காலைப் பார்த்தாள்.

"ஊருக்குத்தான் உபதேசம் போலை."

"ஒரு நாள்தானே" என்றேன். நோயாளர்கள் இப்படிச் சொன்னால் நான் மேசையில் அடிப்பேன்.

பவுசர் லொறியில் கொண்டுவந்து வீதியில் தெளித்த தண்ணீர் விழுந்த கையோடு காய்ந்துகொண்டிருந்தது. என்னோடு வடம் பிடித்தவர்கள் சூடு தாங்காமல் கால் மாற்றிக் கால் மாற்றிக் குதித்தார்கள். எனக்குச் சுடவில்லை. பக்தி என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

தேர் திரும்பும் மூலையில், வீதிக்கு அப்பால், வாய்க்கால் மதவடியில் அந்தத் தோட்டக்காரர் நின்றார். வேட்டிக்குக் கீழே, நான் கட்டாயப்படுத்திச் செய்வித்த கறுப்புச் சப்பாத்து. போகிறவர்கள் அதையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு போக, அவர் தனியே நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார். பிறகு என் காலைக் கண்டார். எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. வடத்தையே பார்த்தேன். அவர் கையசைத்துக் கூப்பிட்டபோது, போகாமல் இருக்கவும் முடியவில்லை.

"காலைத் தூக்கிப் பாருங்கோ, டொக்டர். சிரட்டை ஏறிக் கிடக்கு."

தேருக்கு முன்னால் அடித்த தேங்காயின் சிரட்டைத் துண்டு, பெருவிரலின் அடியில் ஆழமாக ஏறியிருந்தது. நான் வந்த வழியெல்லாம் மண்ணில் இரத்தம். ஒரு துளி வலி இல்லை.

நான் அவருக்குச் செய்ததைத் திருப்பிச் செய்ய அங்கே நிறையச் சனம் நின்றது. அவர் சத்தம் போடவில்லை. மதவில் என்னை இருத்தி, தன் சால்வையால் என் காலைச் சுற்றிக் கட்டி, ஓட்டோ ஒன்றை மறித்தார்.

"கெதியாய் ஏறுங்கோ. சனம் என்ன சொல்லும்."

அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இருந்திருந்தால் நல்லது என்றுகூட நினைக்கிறேன். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை என் கிளினிக்கில், நோயாளர் கதிரையில் இருந்தேன். விரல் தப்புமா என்பது, பாதத்தில் எவ்வளவு உயிர் மிச்சம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. என்னிடம் தொழில் பழகிய இளம் வைத்தியர் கட்டைப் பிரித்துத் துப்புரவாக்கினார். பிறகு மற்றக் காலைத் தன் மடிக்கு இழுத்து, நூலை எடுத்தார்.

"கண்ணை மூடுங்கோ, சேர். படேக்கை சொல்லுங்கோ."

மூடினேன். திரைக்கு வெளியே வரிசை இருமிக்கொண்டும் கதைத்துக்கொண்டும் இருந்தது. அவருடைய கையுறை உரசும் சத்தம் கேட்டது. இந்தக் காலாவது நல்ல காலாக இருக்கவேண்டும் என்று எனக்கு அப்படி ஒரு ஆசை வந்தது. அந்தக் கதிரையில் இருந்த ஒவ்வொருவருக்கும் இந்த ஆசைதான் வந்திருக்கும். நான் அதைப் பார்த்துத்தான் சிரித்திருக்கிறேன்.

"ஓம்" என்றேன்.

அவர் கிட்டக் குனிந்து, வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"நான் இன்னும் தொடேல்லை, சேர்."