குடிப்பழக்கம் உண்டு என்று எழுதினேன்

காலை ஆறே முக்காலுக்கு எங்கள் கம்பெனி பஸ் கேட்டுக்குள் நுழையும். ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிற பஸ். நாஷ்டா தீர்ந்துவிடும் என்று எல்லோரும் தடதடவென்று இறங்கி கேன்டீனுக்கு ஓடுவார்கள். அப்போதெல்லாம் கடைசியாக ஒருவர் இறங்குவார். கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒரு படி, ஒரு மூச்சு, பிறகு அடுத்த படி. தரையில் கால் வைத்த பிறகும் நிமிர மாட்டார். இடுப்பை ஒரு பக்கம் ஒடித்துக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடப்பார். வயது முப்பத்தொன்று.

இன்றைக்கு அவருக்கு இடது கண்ணில் பாதிப் பார்வைதான். வேலையும் பர்மனன்ட் ஆகவில்லை. இரண்டிலும் என் கை இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் பிரஸ் ஷாப்பின் ஷிப்ட் இன்சார்ஜ். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வண்டி பாகங்கள் செய்கிற பிரிவு அது. என் கோபம் கம்பெனி முழுக்கப் பிரசித்தம். காக்களூரில் சின்னப் பட்டறையில் இருந்த காலத்திலிருந்தே எனக்கு வாய் நீளம். வயதானால் அடங்கும் என்றார்கள். வயதானதும் சர்க்கரை வந்தது, வாய் அடங்கவில்லை.

அவர் ஏழு வருஷமாக கான்ட்ராக்ட் ஆள். அந்த வருஷம் எங்கள் ஷாப்பில் நாலு பேரை பர்மனன்ட் ஆக்கப் போவதாகப் பேச்சு. ஒவ்வொருவரைப் பற்றியும் இன்சார்ஜ் ஒரு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது என்பது ஷாப்பில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். "பர்மனன்ட் ஆயிட்டா இங்கயே ஊடு பாத்துக்கினு வந்துர்லாம் சார். பஸ்ல குந்திகினு வர்றதுதான் ஒரே பேஜாரு" என்று ஒரு முறை என்னிடம் சொன்னார். பஸ்ஸில் உட்கார்ந்து வருவதில் உனக்கு என்னய்யா கஷ்டம், மகாராஜா மாதிரி தூங்கிக்கொண்டுதானே வருகிறாய் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்றுதான். காலையில் கோணிக்கொண்டு வருகிற ஆள், பத்து மணிக்கு நிமிர்ந்துவிடுவார். மத்தியானம் இரண்டு ஆள் வேலையைத் தனியாகச் செய்வார். ஷிப்ட் முடிந்து வாலிபால் வேறு. முதுகு வலி என்றால் எனக்குத் தெரியாதா? வேலை செய்தால் கூடும், படுத்தால் குறையும். இவருக்கு எல்லாம் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்துக் கிடந்துவிட்டு வந்தால் திங்கட்கிழமை இன்னும் மோசம். திங்கட்கிழமை மோசம் என்றால் எங்கள் லைனில் அதற்கு ஒரே அர்த்தம்தான். காலையில் கோணலாக நடந்து மத்தியானம் நேராகிற வியாதி எனக்குத் தெரிந்து ஒன்றுதான், அது பாட்டிலில் வருவது.

அப்படி ஒரு திங்கட்கிழமை இடது கண் ரத்தமாகச் சிவந்து வந்து இறங்கினார். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் அந்தக் கண்ணைக் கையால் மூடியிருந்தார். தண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம். கேட் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு ஊதுகிற மெஷினைக் கொண்டுவரச் சொன்னேன்.

"இன்னாப்பா, நேத்து ஃபுல்லா? ஊது."

"சார், நான் குடிக்கிறதில்ல சார்."

"ஊதுய்யான்னா."

ஊதினார். ஒன்றும் காட்டவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கிய முப்பது பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அங்கேயே நான் வாயை மூடியிருக்கலாம். "ராத்திரி போட்டது காலையில காட்டாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தேன். தோற்றுப்போனதை ஒப்புக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. இதை எழுதும்போது காது மடல் சுடுகிறது.

இரண்டு நாள் கழித்து அவர் அரை நாள் லீவு கேட்டு வந்தார். கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், உள்ளே குத்துகிறது, பார்வை கலங்கலாக இருக்கிறது என்றார். சரக்கு அனுப்ப வேண்டிய டெஸ்பாட்ச் வாரம் அது. நான் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "போதை தெளிஞ்சா கண்ணு தானா தெளியும், போ" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு மத்தியானம்தான் ஆபீசிலிருந்து ஃபார்ம் வந்தது. அவர் பெயருக்கு நேராக, 'குடிப்பழக்கம் உண்டு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கண் சிவந்த பன்னிரண்டாவது நாள், அச்சுக்கு ஒரு சாண் தள்ளித் தகட்டை வைத்தார். பக்கத்தில் இருந்தவர் பார்த்து மெஷினை நிறுத்தியதால் கை தப்பியது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். "சார், இந்தப் பக்கம் பூரா பொகையா கீது சார்" என்றார். இரக்கப்பட்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. என் ஷிப்டில் விபத்து நடந்தால் என் கழுத்துக்கு வரும். அந்தப் பயத்தில்தான் கிளம்பினேன்.

மின்சார ரயிலில் சென்னைக்குப் போனோம். பெட்டி காலியாகக் கிடந்தது. அவர் உட்காரவே இல்லை.

"ஏன்யா நிக்கற? உக்காரு."

"குந்தினா புடிச்சிக்கும் சார். எய்ந்திருக்க முடியாது. நின்னுகினு, நடந்துகினு இருந்தா ஒண்ணும் தெரியாது."

ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் நான் அவரிடம் கேட்டேன், அவர் சொன்னார்.

கண் டாக்டர் சின்ன வயதுப் பெண். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி அந்தக் கண்ணை வெகு நேரம் பார்த்தார். பிறகு சம்பந்தமே இல்லாமல் இடுப்பைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். காலையில் எழுந்தால் முதுகு மரக்கட்டை மாதிரி இருக்கிறதா? எவ்வளவு நேரம்? நடந்தால் சரியாகிறதா? ஓய்வெடுத்தால் கூடுகிறதா? விடிகாலையில் வலி எழுப்பிவிடுகிறதா? அவர் ஒவ்வொன்றுக்கும் "ஆமா மேடம்" என்றார். குடிக்கு ஆதாரம் என்று நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் அந்தப் பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சட்டைக்குள் வேர்த்தது.

கண்ணுக்குள் அழற்சி என்றார். கிருமியால் வந்தது இல்லை. முதுகெலும்பின் அடியிலும் அதே அழற்சிதான் வருஷக்கணக்காக இருந்திருக்க வேண்டும், இரண்டும் ஒரே நோயின் வேலையாகத்தான் தெரிகிறது, மூட்டு டாக்டரிடம் உறுதி செய்ய வேண்டும் என்றார். எங்கள் ஷாப்பில் விரல் நசுங்கினால் வீங்கும், சிவக்கும், சுடும். உடம்பு அந்த இடத்தைப் பழுது பார்க்கிறது என்று அர்த்தம். வேலை முடிந்தால் வீக்கம் வடிந்துவிடும். இவருக்கு அடியே படாமல் அந்த வேலை நடக்கிறது, முடிவதும் இல்லை. அவருடைய எதிர்ப்புச் சக்தி அவரையே புண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. அசையாமல் கிடந்தால் மூட்டு இறுகும், அசைந்தால் தளரும். நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்.

"எத்தனை நாளா சிவப்பு?" என்று டாக்டர் கேட்டார்.

"பன்னண்டு நாளு மேடம்."

"முதல் நாளே வந்திருந்தா சொட்டு மருந்துலயே அடங்கியிருக்கும். இப்ப உள்ள ஒட்டிக்கிச்சு, பிரஷரும் ஏறியிருக்கு. போன பார்வை முழுசா வரும்னு சொல்ல முடியாது. ஏன் வரல?"

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் மேடம் அசால்ட்டா உட்டுட்டேன்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க கூட வேலை செய்யறவரா? கூட இருக்கறவங்களாவது சொல்லக் கூடாதா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன் மேடம். இவுங்க எங்க கேக்கறாங்க!"

சீ, என்ன மனுஷன் நான்! அவர் ஒரு அடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார். சொட்டு மருந்துக்காகக் கண்ணை மூடியிருந்தார். காதை மூடியிருக்கவில்லை.

கண் பாப்பாவை விரிக்கிற மருந்து ஊற்றியதில் அவருக்கு எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. என் தோளில் கை வைத்துக்கொண்டு படி இறங்கினார். பாதிப் படியில் நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், லிஸ்ட்ல என் பேரு கீதுதானே?"

டாக்டரிடம் பழியை ஏன் தன் மேல் போட்டுக்கொண்டார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பெருந்தன்மையில் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய பிழைப்பு என் பேனாவில் இருந்தது, என்னைப் பகைத்துக்கொள்ள அவருக்கு வசதியில்லை. "பாத்துக்கலாம்" என்றேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக மேனேஜர் முன்னால் போய் நின்றேன். நான் எழுதியது தப்பு, அந்த ஆள் குடிப்பதில்லை, அது ஒரு நோய், கண்ணையும் தாக்கியிருக்கிறது, மருந்து சாப்பிட்டால் நன்றாக வேலை செய்வார் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் ஒரு தப்பை ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, வெட்கக்கேடு.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். "குடிக்கிற ஆளுன்னா ஒரு வார்னிங் குடுத்து எடுத்துக்கலாம்யா. இங்க யாருதான் குடிக்கல? ஆயுசுக்கும் வைத்தியம் பண்ற ஆளை, ஒரு கண்ணு மங்கின ஆளை எப்படி பர்மனன்ட் பண்றது?" என்றார். நான் ஃபார்மையாவது திருத்தித் தருகிறேன் என்றேன். "வேணாம். நோய்னு எழுதினா நாளைக்கு கேஸ் போடுவான். நீ எழுதினதே இருக்கட்டும்" என்று ஃபைலை மூடினார். அதற்கு மேல் பேச எனக்குத் தைரியம் இல்லை. ரிட்டயர்மென்டுக்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

கண்ணுக்கு மணிக்கொரு தரம் சொட்டு மருந்து போட்டார். சிவப்பு போய்விட்டது, பாதிப் பார்வைதான் மிச்சம். மூட்டு டாக்டர் காசநோய் இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஊசியை ஆரம்பித்தார். தினமும் உடற்பயிற்சியும் சொன்னார். சில மாதத்தில் அவர் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் போல இறங்க ஆரம்பித்தார். பிரஸ்ஸிலிருந்து அவரை எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள், அதே கான்ட்ராக்டில்.

பர்மனன்ட் லிஸ்ட் வந்தது. நாலு பெயரில் அவர் பெயர் இல்லை. ஆபீசில் யாரோ அவருக்குக் காரணத்தைச் சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

"சார், நான் குடிக்கிறேன்னு எவனோ எழுதிக்கீறான் சார். ஊட்ல தெரிஞ்சிபோச்சி. எனுக்குத் தெரியாம எத்தினி வருசமா குடிக்கிறேன்னு அயுவுது. புள்ளயத் தூக்கிக்கினு அம்மா ஊட்டுக்குப் போறேன்னுது. நீங்கதான் சார் ஆஸ்பத்திரிக்கு கூட வந்தீங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்பும் சார்."

போனை வாங்கினேன். அந்தப் பக்கம் அவர் மனைவி மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"அவர் குடிக்கிறதில்லம்மா. எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

"அப்ப யாரு சார் அப்டி எய்துனது?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு வரியை இன்சார்ஜ்தான் எழுதுவார் என்பது அவருக்கும் தெரியும்.

"தெரியலம்மா. ஆபீஸ்ல எவனாவது எழுதியிருப்பான்."

அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். "சொன்னேன்ல? சாரே சொல்றாரு, கேட்டுக்கினியா?" என்றார். பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.