ராசப்பன் கொடுத்த மணி

என் தம்பி அருள்நாதனைப் பற்றிப் பேசுகிறவர்கள் "சாது" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சாது என்றால் ஏமாளி என்று அவர்களுக்கு நினைப்பு. மன்னார்புரத்தில் எங்கள் தெரு முனையிலிருக்கும் ஜில்லா போர்டு ஆரம்பப் பள்ளியில் அவன் தலைமையாசிரியர். நான் அதே பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள். அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒன்றாவதில் உட்கார வைத்ததும் நான்தான்.

அந்தப் பள்ளிக்குக் கல்லும் மண்ணும் சுமந்தது எங்கள் தெரு. மணிக்குப் பதில் தொங்கிய தண்டவாளத் துண்டு, பொன்மலை ஒர்க்ஷாப்பில் கழித்துப் போட்டது. அங்கே வேலை பார்த்த எங்கள் அப்பா மேலதிகாரியிடம் கேட்டு வாங்கி, தோளில் சுமந்து வந்து வேப்பமரத்தில் கட்டினார். அது அடித்தால்தான் தெருவில் உலை ஏறும்.

1954இல் பள்ளிக்கு வெள்ளி விழா வந்தது. மரம் விற்கும் மரவாடி ராசப்பனுக்குத் திடீரென்று பள்ளிமேல் பாசம் பொங்கியது. தன் பிள்ளைகளை ஜட்கா வைத்து கான்வென்ட்டுக்கு அனுப்பியவர். எங்கள் பள்ளி வாசலை அவர்கள் மிதித்ததில்லை. அவர் ஒரு வெண்கல மணி செய்து கொண்டுவந்தார். ஒரு பக்கம் தமிழில் அவர் பெயர், மறு பக்கம் இங்கிலீஷில். பள்ளியின் பெயருக்கு இடம் போதவில்லை.

"அந்த இரும்பை எடுத்துப் போடுங்க வாத்தியாரே. இது ஸ்கூலா, லோகோ ஷெட்டா?" என்றார். கூட வந்தவர்கள் கூலி வாங்கினவர்கள் மாதிரி சிரித்தார்கள். தம்பி தண்டவாளத்தை அவிழ்த்துச் சுவரோரம் சாய்த்து வைத்தான். எனக்கு அவன்மேல்தான் ஆத்திரம்.

விழாவில் முதல் மணியை ராசப்பனே அடித்தார். ஒருதரம் கயிற்றை இழுப்பார். ரீங்காரம் அடங்கும்வரை கூட்டத்தைப் பார்ப்பார். மறுபடி இழுப்பார்.

தம்பி பக்கத்தில் போய், "ஐயா, கொஞ்சம் சேர்த்து வேகமா அடிங்க. எங்க தெருவுல இப்படி விட்டு விட்டு அடிச்சா..." என்றான்.

"மணி அடிக்க எனக்கே பாடமா? போய்ப் பிள்ளைகளை அடக்குங்க."

மாதா கோவில் மணி அப்படி ஒற்றை ஒற்றையாக அடித்தால் எங்கள் பங்கு மக்களில் யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். தெருவில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். பெரிய மனிதருக்குத் தெரியவில்லை, தெரிந்தவன் சொன்னதைக் கேட்கவும் மனமில்லை.

அடித்து முடித்து, கழுத்து நிறைய மாலையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் கடவுள் வாழ்த்துப் பாட, கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் எங்கள் தெரு சகாயம்மாள் தலையில் முக்காடும் கையில் ஜெபமாலையுமாக ஓடி வந்தாள். அவள் கண்ணில் பட்டது, மாலையோடு அசையாமல் உட்கார்ந்திருந்த ராசப்பன்.

"அடப்பாவமே, மரவாடிக்காரரா? நேத்துக்கூட மார்க்கெட்ல கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிக்கிட்டு இருந்தாரே."

ராசப்பன் கண்ணைத் திறந்தார். சகாயம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குமேல் பிள்ளைகளால் பாட முடியவில்லை.

மறுநாள் காலையில் ராசப்பனின் ஆள் வந்தான். வாத்தியார் மரவாடிக்கு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இல்லாவிட்டால் போர்டில் சொல்லிப் பச்சைமலைக்கு மாற்றிவிடுவாராம். மலைக்கு ஒழுங்காக பஸ் கிடையாது. இங்கே அம்மா படுத்த படுக்கை. தம்பி சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வந்தவனிடம், "கால்ல விழுந்தியா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. நடந்தது என்னன்னு உங்க வாயால சொல்லுங்க, அதுக்கு மன்னிப்புக் கேட்கிறேன்னேன். கடையில நாலு பேர் நின்னாங்க."

"என்ன சொன்னாரு?"

"வாயைத் திறந்தாரு, மூடினாரு. 'நான் செத்துட்டேன்னு நினைச்சு'ன்னு சொல்லணுமே. வெள்ளிக்கிழமை வேற. போய்யான்னுட்டாரு."

போர்டுக்கு எழுதவும் அதே சங்கடம். காரணத்தை எழுதினால் தன் சாவைத் தானே எழுதிக் கொடுத்த மாதிரி. கடைசிவரை அந்த மனு போகவில்லை. மணியை மட்டும் ஆள்விட்டு எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை தம்பி தண்டவாளத்தை மறுபடி கட்டினான். இத்தனை வருஷமாக அதை அடித்துக்கொண்டு அதே பள்ளியில்தான் இருக்கிறான். ராசப்பன் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. தப்பித்தவறி வந்தால் சகாயம்மாள் வாசலுக்கு வந்து, "நல்லா இருக்கீங்களாய்யா?" என்று அக்கறையாக விசாரிக்கிறாள்.