எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு

கேமராக்காரர் நானூறு வீடுகளில் கேமரா மாட்டியவர். நானூறுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான். மறந்துபோகிறவர்கள் நேரங்காலம் பார்க்காமல் கூப்பிட்டு உயிரை வாங்குவார்கள்; இப்படி வைத்தால் அவர்களுக்கும் வசதி, அவருக்கும் வசதி.

"மாத்திக்கலாமா?" என்று யாராவது கேட்டால், "தாராளமா. அப்புறம் மறந்துபோச்சுன்னு என்னைக் கூப்பிடாதீங்க" என்பார். யாரும் மாற்றவில்லை. அவரும் ஒரு வீட்டைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. அடுத்தவன் அடுப்படியில் எனக்கென்ன வேலை என்பார்.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குத் தாமே போய் மாட்டினார்.

"சமையல்கட்டுல ஒண்ணு இருக்கட்டும் சம்பந்தி. கேஸ மூடினாளான்னு படுத்துக்கிட்டே பாத்துக்கலாம்" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. பேசும் வசதி உள்ளதாகத் தேடிப் பிடித்து மாட்டினார். சொந்தச் செலவில் சூனியம்.

மூன்றாம் மாதம் மகள் போன் செய்தாள். "அப்பா, அந்த சமையல்கட்டு கேமராவ மட்டும் கழட்டிடுங்கப்பா. தண்ணி குடிச்சாக்கூட சுவத்துலேருந்து குரல் வருது."

"பெரியவங்க நல்லதுக்குத்தான் சொல்வாங்க. அனுசரிச்சுப் போம்மா."

அனுசரிக்கச் சொன்னவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. கடையில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தார். மகள் நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "இன்னும் எத்தனை தடவை போட்டுப்ப?" என்றது சுவர். அவள் தட்டைக் கழுவப் போட்டாள்.

பிறகு தினமும் பார்த்தார். ஒருநாள் மாமியார் நேரில் வந்து கரண்டிக் காம்பால் மகளின் மணிக்கட்டில் அடித்ததையும் பார்த்தார். வாயைத் திறந்தால், பார்த்தது தெரிந்துவிடும். நானூறு வீடும் போய்விடும். பேசாமலிருந்தார்.

பார்க்க ஆரம்பித்த இரண்டாம் மாதம், ஒரு மத்தியானம், கரண்டி மறுபடி ஓங்கியது. விரல் தானாக மைக்கை அழுத்தியது.

"ஏய், என் பொண்ணு மேல கை வச்சே..."

மாமியார் நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். சிரித்தாள். "அட சம்பந்தி! வேலியே பயிர மேயுதா? இருங்க, நீங்க மாட்டின வீட்டுக்கெல்லாம் சொல்றேன்."

சாயங்காலத்துக்குள் போன் சூடேறிவிட்டது. மகளின் அழைப்பை மட்டும் எடுத்தார்.

"எத்தனை நாளாப்பா பாக்குறீங்க?"

"ரெண்டு மாசமாம்மா."

"அப்ப... மணிக்கட்டுல அடிச்சாங்களே, அன்னைக்கும்?"

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார்.

"யாரும் பாக்கலன்னு நெனச்சுத்தாம்ப்பா தாங்கிக்கிட்டேன்" என்றாள். பின்னால் யாரோ அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள். போன் நின்றது.

அவசரமாகக் கேமராவைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. நானூறில் முதல் வீடாக, அந்த வீடு பாஸ்வேர்டை மாற்றியிருந்தது.