சகலை வீட்டு டிவியைவிடப் பத்து அங்குலம்

செம்பவாங்கில் என் சகலை வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த டிவி ஐம்பத்தைந்து அங்குலம். என் வயிற்றெரிச்சலுக்கும் அதுதான் அளவு.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். கப்பல் பட்டறையில் வேலை. பிள்ளை குட்டி இல்லை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டார். ஒரு மனிதனைப் பிடிக்காமல் போவதற்கு ஒரு காரணமாவது வேண்டாமா? அதைக்கூட எனக்குக் கொடுக்காத மகானுபாவர்.

எனக்கு சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் ஷிப்ட் வேலை. ஒழுங்காக வீட்டில் இருப்பது சனிக்கிழமை மட்டும். என் மகளுக்கு ஏழு வயதானதிலிருந்து சனிக்கிழமை மாலை என்றால் எங்கள் செங்காங் வீட்டு ஹாலில் நானும் அவளும் கார் ரேஸ் விளையாடுவோம். இப்போது அவள் உயர்நிலை இரண்டு, பதினாலு வயது. வாரம் முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பவள் அந்த இரண்டு மணி நேரம்தான் என்னிடம் வாயைத் திறந்து பேசுவாள். பள்ளிக்கூடத்தில் யாரோடு சண்டை, எந்த ஆசிரியரைப் பிடிக்கவில்லை, எல்லாம் வளைவில் காரைத் திருப்பிக்கொண்டே சொல்லுவாள்.

அப்போதுதான் சகலை அந்த டிவியை வாங்கினார். முதல் வாரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகள் போனாள். இரண்டாம் வாரம் கேட்டுவிட்டுப் போனாள். நான்காம் வாரம் கேட்கக்கூட இல்லை. கதவருகே ஷூ போட்டுக்கொண்டே சொன்னாள்.

“பெரியப்பா டிவில பட்டன அமுக்குன உடனே கார் திரும்புதுப்பா. நம்ம டிவி ரொம்ப ஸ்லோ லா.”

ஏழு வருஷம் என்னோடு விளையாடிய டிவி ஸ்லோவாம்! அன்று சாயங்காலம் ஹாலில் தனியாக உட்கார்ந்து கம்ப்யூட்டரோடு ரேஸ் விட்டேன். அதிலும் தோற்றேன். கேம் கன்ட்ரோலரைத் தூக்கி சோபாவில் எறிந்தேன்.

மறுநாளே தேக்காவில் ஒரு டிவி கடைக்குப் போனேன். கடை விற்பனையாளர் சின்ன வயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார். “அண்ணே, படம் பாக்கவா, கேம் விளையாடவா?”

“கேம்தான்.”

“அப்ப சைஸ விட ஸ்பீடுதாண்ணே முக்கியம். பட்டன அமுக்குனா திரையில எவ்வளவு சீக்கிரம் தெரியுதுன்னு பாக்கணும். கேம் மோட்னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணிக்கணும். ஒங்க ஹாலுக்கு ஐம்பதே போதும்.”

“ஐம்பதா?” என்றேன். “ஐம்பத்தஞ்சுக்கு மேல காட்டுங்க தம்பி.”

பாவம், அவர் நொடிக்கு எத்தனை படம், எந்தக் கேபிளை எந்த ஓட்டையில் செருக வேண்டும் என்று நல்லதாக நாலு விஷயம் சொன்னார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. அறுபத்தைந்து அங்குலத்தின் முன்னால் நின்று, சகலை என் வீட்டு சோபாவில் அண்ணாந்து பார்ப்பதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சுகமே தனி.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் டிவி வந்தது. வந்தவர்கள் சுவரில் மாட்டி, ரிமோட்டில் போட்டுக் காட்டி, அணைத்துவிட்டுப் போனார்கள். மகள் வாயைப் பிளந்தாள். “செம்பவாங் போகலியா?” என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி. “இன்னிக்கு இல்லப்பா.” ஆஹா!

புதுசுக்குப் பொட்டு வைக்காமல் தொடுவதா? பைக்கோ ஃபிரிட்ஜோ எது வாங்கினாலும் எங்கள் வீட்டில் அது உண்டு. அதிலும் ஊர்க் கண்ணெல்லாம் பட வேண்டும் என்றே வாங்கிய பொருள். டிவியின் கீழ் விளிம்பில் நடுவாகச் சின்ன மேடு ஒன்று இருந்தது, பொட்டுக்கென்றே செய்து வைத்ததுபோல. சந்தனத்தைக் குழைத்து ஒரு ரூபாய் அகலத்துக்கு அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்தேன்.

ரிமோட்டை அமுக்கினேன். டிவி செத்துக் கிடந்தது. பேட்டரியை மாற்றினேன். பக்கத்தில் போய் அமுக்கினேன். ஊஹூம். கடைக்குப் போன் போட்டுக் கத்தினேன். “ஓட்டை டிவிய என் தலையில கட்டிட்டீங்களா?” திங்கட்கிழமைதான் ஆள் வருவாராம். மகள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். செம்பவாங் பஸ்ஸுக்கு நேரம் பார்க்கிறாள்.

அதற்குள் என் மனைவி சமையலறையிலிருந்தே அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள். எரிகிற தீயில் எண்ணெய் ஊற்ற இவளைத் தவிர ஆள் வேண்டாம்.

முக்கால் மணி நேரத்தில் சகலை குடையோடு வந்து நின்றார். “நல்ல டிவி தம்பி. பெருசா இருக்கு” என்றார். பொறாமையே இல்லை அந்த மனிதரிடம். அதுதான் என்னைக் கொன்றது. குனிந்து பார்த்தார். பெருவிரலால் பொட்டை வழித்து, பயபக்தியோடு தன் நெற்றியில் இட்டுக்கொண்டார். ரிமோட்டை அமுக்கினார். டிவி பளிச்சென்று எரிந்தது.

“ரிமோட்டோட கண்ணு அங்கதாம்பா இருக்கு. பொட்டு மறைச்சிருச்சு.”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “கேம் மோட் போடலியா?” என்று அதையும் அவரே போட்டுக் கொடுத்தார். “பெரியப்பா, ஒரு ரேஸ்!” என்றாள். ஒன்று ஐந்தாயிற்று. என் வீட்டில், என் சோபாவில், நான் வாங்கிய அறுபத்தைந்து அங்குலத்தில் அவர்கள் விளையாடினார்கள். பள்ளிக்கூடச் சண்டையை அவள் அவரிடம் சொன்னாள். அதில் பாதி எனக்குப் புதுச் செய்தி. நான் தேநீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

சகலை கிளம்பும்போது லிஃப்ட் வரை கூடப் போனேன். பட்டனை அமுக்கிவிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அடுத்த சனிக்கிழமை பிள்ளய அனுப்புவியா தம்பி? அவ வரலன்னா அந்த டிவியப் போடவே மாட்டேன். எனக்கு கேமெல்லாம் என்னா தெரியும், அவளுக்காகத்தான் வாங்குனது.”

அந்த நொடியில் ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘நீங்களே இங்க வாங்கண்ணே’ என்று சொன்னால் நாக்கு அழுகியா போய்விடும்?

“அடுத்த வாரம் அவளுக்கு டெஸ்ட்ணே” என்றேன். “அதுக்கடுத்த வாரமும்.”

“ஆமாமா, படிப்புதான் முக்கியம்” என்று சிரித்தார். லிஃப்ட் மூடிக்கொண்டது.

திரும்பினேன். மகள் அவர் மறந்துவிட்ட குடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“எனக்கு என்ன டெஸ்ட்பா?”

நான் வாயைத் திறப்பதற்குள் படிக்கட்டில் இறங்கி ஓடினாள். எங்கள் வீடு பதினொன்றாவது மாடி. அடுத்த லிஃப்டுக்கு என்னோடு நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை.