போனை எடுக்காத பிளம்பர்கள்

ஜூன் 3. ஆய்வுக்கு ஒதுக்கிய தொகை: 48,00,000
ஜூலை 1. அதில் தொலைபேசிச் செலவுக்கு: 36,000
நவம்பர் 5. அறிக்கை அச்சு, 500 பிரதி: 2,10,000
நவம்பர் 5. அட்டைப்படத்துக்கு மட்டும் தனியாக: 40,000
நவம்பர் 20. மூன்றாம் மாடிக் கழிப்பறைக் குழாய், பழுது பார்த்த கூலி: 650

இதில் அந்த முப்பத்தாறாயிரம் ஹலோ அக்காவின் வாய் வழியாகச் செலவானது. கல்வி, பயிற்சிக் கொள்கை ஆய்வு நிறுவனத்தில் பல வருடமாகப் போன் பேசுவதுதான் அவள் வேலை. வீட்டில் பால்காரர் கதவைத் தட்டினால்கூட வாயில் முதலில் வருவது ‘ஹலோ’தான். அதனால் அந்தப் பெயர்.

நிறுவனத்தின் வேலை எளிது. எந்தப் பயிற்சியை வைத்துக்கொள்ளலாம், எதை மூடலாம் என்று கல்வித்துறை கேட்கும். பயிற்சி முடித்தவர்களைப் போனில் கூப்பிட்டு, ‘வேலை கிடைத்ததா?’ என்று விசாரித்து, பதிலை விழுக்காடாக்கி, வழவழப்பான தாளில் அச்சடித்து நிறுவனம் கொடுக்கும். துறையில் இருப்பவர்கள் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் தனியாக அடித்து முன்னால் செருகும் இரண்டு பக்கச் சுருக்கத்தைப் படிப்பார்கள். அந்த இரண்டு பக்கம்தான் பிறகு அரசாணையாகும். மீதிப் பக்கங்கள் அலமாரிக்குக் கனம் சேர்க்கும்.

போன் அறைக்கு ஒரு விதி உண்டு. காலை பத்திலிருந்து மாலை நாலுக்குள் ஒருவரை மூன்று முறை கூப்பிட வேண்டும். மூன்று முறையும் எடுக்காவிட்டால் அவர் பெயருக்கு நேரே ஒன்பது என்று போட வேண்டும். ஒன்பது என்றால் ‘தகவல் இல்லை’. ஆனால் கணிப்பொறிக்குள் போனதும் ‘தகவல் இல்லை’யும் ‘வேலை இல்லை’யும் ஒரே பாயில் படுத்துக்கொள்ளும். இரண்டையும் யார் சேர்த்துவைத்தார் என்பது யாருக்கும் நினைவில்லை.

அந்த வருடம் அலுவலக உதவியாளர் பயிற்சி முடித்தவர்கள் முதல் மணியிலேயே எடுத்தார்கள். “மாமா கடையில உட்கார்ந்திருக்கேன்க்கா, சும்மாதான்” என்றான் ஒருவன். கடையில் இருந்தால் வேலைதான். பிளம்பிங் முடித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் எடுக்கவே இல்லை. அக்கா பக்கம் பக்கமாக ஒன்பது போட்டாள். கடைசி இடம் பிடிக்கும் பயிற்சியை மூடிவிடுவார்கள். பிளம்பிங் பயிற்சிக்கு ஆசிரியரோ அவளுடைய சொந்தத் தம்பி.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவனைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டா, உன் பசங்க எல்லாம் செவிடா?”

“வேலையில இருப்பானுங்கக்கா. எடுக்க மாட்டானுங்க.”

“மத்தவங்க வேலை செய்யலையா? இவனுங்களுக்கு மட்டும் என்ன?”

“நான்தான் சொல்லிக் குடுத்தேன். முதல் பாடமே அதுதான். குழாயில கை வைக்கறதுக்கு முன்னாடி போன் சத்தத்தை அணைச்சுப் பைக்குள்ள போடு. ஒருத்தன் போனைத் தொட்டிக்குள்ள விட்டுட்டு, அதை எடுக்கத் தலையையும் விட்டுட்டான். அவனை வெளிய இழுக்கறதுக்குள்ள என் உசிரு போச்சு.”

“அடப்பாவி! உன் பாடமே உன் வேலைக்கு வேட்டு வைக்குதுடா.”

“உங்க ஆபீஸ் வைக்குதுன்னு சொல்லு. சாயங்காலம் கூப்பிட வேண்டியதுதானே?”

“நாலு மணிக்குப் போன் அறையைப் பூட்டிடுவாங்க.”

“அப்ப பூட்டைப் பத்தி ஒரு அறிக்கை போடுங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

மறுநாள் அக்கா புள்ளிவிவரக்காரரிடம் போனாள். பசிக்கிறதா என்று கேட்டால்கூட விழுக்காட்டில் பதில் சொல்வார் என்பதால் அவரை எல்லோரும் தசமம் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஏங்க தசமம், வேலையில இருக்கறவன்தாங்க போனை எடுக்கல. எடுத்தவன்ல பாதிப் பேர் சும்மா இருக்கறவன்.”

“தெரியும்க்கா.”

“தெரியுமா!”

“தெரியாம என்ன? நூத்தி எழுபத்தி மூணாம் பக்கத்துல அடிக்குறிப்பாவே போட்டிருக்கேன்.”

“அதை யாரு படிப்பா?”

“நான் படிச்சேனே” என்றார் தசமம், கொஞ்சம் பெருமையாகவே.

“இவ்வளவு தெரிஞ்சும் கூப்பிடற நேரத்தை மாத்தலையே?”

“மாத்தினா போன வருஷத்தோட ஒப்பிட முடியாதுக்கா. தப்பா இருந்தாலும் வருஷா வருஷம் ஒரே மாதிரி தப்பா இருக்கணும். அப்பத்தான் போக்கு தெரியும்.”

“சரி, அந்தக் குறிப்பையாவது தூக்கி முன்னாடி சுருக்கத்துல போடுங்க.”

“அது இயக்குநர் எழுதறது. மூணு பரிந்துரைக்கு மேல போனா துறைச் செயலருக்குக் கொட்டாவி வந்துடுமாம்.”

மூன்று பரிந்துரையும் ஏற்கெனவே தயாராக இருந்தன. அலுவலக உதவியாளர் பயிற்சியை இரட்டிப்பாக்கலாம். பிளம்பிங் பயிற்சியை மூடலாம். மேலும் ஆய்வு தேவை. இந்த மூன்றாவது எல்லா அறிக்கையிலும் இருக்கும். துறை ஒருமுறைகூடத் தட்டிக்கழிக்காத பரிந்துரை அது ஒன்றுதான்.

நவம்பர் இருபதாம் தேதி நாலு மணிக்குச் சுருக்கம் துறைக்குப் போக வேண்டும். காலை பதினோரு மணிக்கு மூன்றாம் மாடிக் கழிப்பறையில் குழாய் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் நடைக்கு வந்து, அறிக்கைகள் அடுக்கிய அட்டைப் பெட்டிகளை மோப்பம் பிடிக்கத் தொடங்கியது. இயக்குநர் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஷூவைக் கையில் பிடித்தபடி ஓடி வந்தார்.

“யாராவது பிளம்பரைக் கூப்பிடுங்க!”

அக்காவிடம் பிளம்பர் நம்பருக்கா பஞ்சம்? வரிசையாகக் கூப்பிட்டாள். ஒருவரும் எடுக்கவில்லை. பொறுமை இழந்த இயக்குநர் ரிசீவரைப் பிடுங்கித் தானே கூப்பிட்டுப் பார்த்தார்.

“என்னம்மா இது, ஊருல ஒரு பிளம்பர்கூட போனை எடுக்க மாட்டேங்கறான்?”

“வேலையில இருப்பாங்க சார்.”

“அத்தனை பேருமா?”

“அத்தனை பேரும்தான் சார். அதனாலதான் நான் ஒன்பது ஒன்பதா போட்டு வச்சிருக்கேன்.”

இயக்குநர் அப்படியே நின்றார். தண்ணீர் கணுக்காலைத் தாண்டிய பிறகுதான் விஷயம் அவர் தலைக்கு ஏறியது.

அக்கா பயிற்சி நிலையத்து அலுவலகத்துக்குப் போன் செய்து தம்பியை வரவழைத்தாள். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“கடைசி இடத்துக்காரன் வந்திருக்கேன் சார். எங்க ஒழுகுது?”

வேலை சீக்கிரமே முடிந்தது. பேரம் பேசாமல் இயக்குநர் கூலி கொடுத்தார். தம்பி போனதும் அக்கா அவர் அறைக்குள் நுழைந்தாள்.

“சார், இன்னும் நாலு மணி ஆகல. அந்த ஒரு வரியைச் சுருக்கத்துல சேர்த்துடுங்க.”

இயக்குநர் காலுறையைப் பிழிந்துகொண்டே, உண்மையான அன்போடு பதில் சொன்னார். “எதுக்கும்மா? சேர்த்தா இந்த அறிக்கை தப்புன்னு ஆயிடும். சேர்க்கலைன்னா இன்னொரு அறிக்கை தேவைன்னு ஆகும்.”

“அதுக்குள்ள என் தம்பி வேலை போயிடும் சார்.”

“போனா என்னம்மா, திரும்ப வந்துடும். நான் பார்த்துக்கறேன்.”

மூடச் சொன்னதைத் திறக்கச் சொல்வது அவருக்கு ஜன்னல் கதவு மாதிரிதான். நாலு மணிக்குச் சுருக்கம் போயிற்று. மார்ச் கடைசியில் பிளம்பிங் பயிற்சியை மூடினார்கள்.

தம்பி மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வேலைக்குப் போனான். ஆசிரியராக இருந்ததைவிடக் கை நிறையவே சம்பாதித்தான். ஆனால் திட்டுவதற்குப் பையன்கள் இல்லாமல் அவனுக்குப் பொழுது போகவில்லை. மாலையில் அக்கா வீட்டுக்கு வந்து, ஒழுகாத குழாயைக் கழற்றி, அக்காவின் வீட்டுக்காரரை நிற்க வைத்து, “இது என்ன மாமா? வாஷர். எங்க, சொல்லுங்க” என்று பாடம் நடத்தினான்.

“உன் தம்பிக்கு ஒரு வகுப்பைத் தேடிக் குடு” என்று அவர் அக்காவிடம் கெஞ்சினார். “இல்லைன்னா நான் பரீட்சை எழுத வேண்டி வரும்.”

இயக்குநர் வாக்குத் தவறவில்லை. ஏப்ரலில் ‘பிளம்பர் பற்றாக்குறை: ஓர் அவசர ஆய்வு’ தொடங்கியது. இந்த முறை துறை கொடுத்தது அறுபத்திரண்டு லட்சம். கேள்வித்தாள் கூட்டத்தில் அக்கா எழுந்து நின்றாள்.

“சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் கூப்பிடுவேன். பகல்லதான்னா நீங்களே கூப்பிட்டுக்குங்க.”

“போன வருஷத்தோட ஒப்பிட முடியாதே” என்று தசமம் பதறினார்.

“ஒப்பிடவே வேணாம்!” என்று இயக்குநர் அவசரமாக அவர் வாயை அடைத்தார்.

ஏழு மணிக்குக் கூப்பிட்டால் எல்லோரும் எடுத்தார்கள். “பகல்ல கூப்பிட்டுக் கூப்பிட்டு வைக்கற நம்பர் உங்களுதுதானா? கடன் விக்கறவங்கன்னு இல்ல நெனச்சேன்” என்று சிரித்தான் ஒருவன். அநேகமாக எல்லோருக்கும் வேலை இருந்தது. அதே கட்டடத்தில், அதே மேஜைகளோடு, ‘நீர்க்குழாய்த் தொழில்நுட்பத் திறன் மேம்பாட்டுப் பயிற்சி’ தொடங்கலாம் என்று பரிந்துரை போயிற்று. தம்பி விண்ணப்பம் போட்டான். ஆடி அசைந்து பல மாதம் கழித்துத்தான் பதில் கடிதம் வந்தது. வேலை அவனுக்குத்தான். ஆனால் பிளம்பிங் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவன் முதலில் ஆய்வு நிறுவனத்தில் பதினைந்து நாள் பயிற்சி எடுக்க வேண்டுமாம்.

“எனக்கே பாடமா? யாருக்கா நடத்தப் போறா?” என்று தம்பி குதித்தான்.

“தசமம்.”

“குழாயைப் பத்தி அந்த ஆளுக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது. உன்கூடப் படிக்க இன்னும் நாலு பேர் வருவாங்க, அவங்களுக்கும் தெரியாது. நீதான்டா சொல்லிக் குடுக்கணும்.”

தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. கடிதத்தை வாங்கி நின்றபடியே கையெழுத்துப் போட்டான்.

கடிதம் வந்து சேர்ந்தது மறு வருடம் ஜனவரி 22, வியாழக்கிழமை.